வாசலைப் பார்க்கும் உதவி: பாலாற்றுத் தோல் வட்டாரத்தில் உயர்கல்விக் கட்டணம்

ராணிப்பேட்டையில் தொடங்கி மேல்விஷாரம், வேலூர், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் வட்டாரம் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டமாக இருந்தது. இன்று வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. பாலாற்றை ஒட்டிப் போகும் இந்தக் குறுகிய நிலப்பகுதிக்குள் இந்திய உயர்கல்வியின் எல்லா விலைகளும் இருக்கின்றன. ஆண்டுக் கற்பிப்புக் கட்டணம் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டாத மருத்துவக் கல்லூரி இங்கே இருக்கிறது. தரவரிசை சரியச் சரியக் கட்டணம் ஏறும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கற்பிப்புக் கட்டணமே இல்லாத அரசு கலைக் கல்லூரியும், ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கட்டணமும் மதியம் வேறு கட்டணமுமாக நடக்கும் உதவி பெறும் கல்லூரியும் இருக்கின்றன.

இதே வட்டாரத்தில்தான் டேனரியில் தோல் பதனிடுகிறவர்களும், ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கிற பெண்களும், வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுகிறவர்களும் வாழ்கிறார்கள். இவர்களின் பிள்ளைகளுக்கு இந்த இடங்களில் எது கிடைக்கிறது, ஏன் கிடைக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கட்டணம் உயர்ந்துவிட்டது என்ற புலம்பல் பழையது. அதைச் சமாளிக்கத் தமிழக அரசு வைத்திருக்கும் உதவித் திட்டங்களோ இந்தியாவில் வேறெந்த மாநிலத்துக்கும் குறைந்தவை அல்ல. அப்படியிருந்தும் தொழிலாளி வீட்டில் ஜூன் மாதம் ஏன் அடகுக் கடை மாதமாகவே இருக்கிறது? உதவி மாணவரின் வீட்டு நிலையைப் பார்ப்பதற்கு முன், அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்று பார்க்கிறது. இதுவே என் விடை.

தோல் வணிகம் கட்டிய கல்லூரிகள்

இங்கே உயர்கல்வியை முதலில் கொண்டுவந்தவை மிஷன்கள். வேலூர் ஊரிஸ் கல்லூரி அமெரிக்க ஆற்காடு மிஷனின் முயற்சி, 1898இல் தொடங்கியது. திருத்தணியில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் இங்கே படித்துவிட்டுத்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். அவருடைய படிப்புக் காலம் பெரும்பாலும் உதவித்தொகையில் கழிந்தது. மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளி பின்னர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக (சி.எம்.சி.) வளர்ந்தது.

இரண்டாவது அலை தோல் வணிகத்திலிருந்து வந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் முஸ்லிம் கல்விச் சங்கம் தோல் வணிகரும் கொடையாளருமான சி. அப்துல் ஹக்கீமின் பெயரில் 1965இல் கல்லூரி திறந்தது. ஆம்பூரில் மஜ்ஹருல் உலூம் கல்லூரி 1969இல் வந்தது. திருச்சியில் ஜமால் முகமது கல்லூரி 1951இல் எழுந்ததற்குப் பின்னாலும் தோல் வணிகக் குடும்பத்தின் கொடை உண்டு. பதனிட்ட தோல் கப்பலேறி ஈட்டிய பணத்தில் ஒரு பங்கு கரும்பலகையாகவும் நூலகமாகவும் ஊருக்குத் திரும்பிய காலம் அது.

இந்தக் கல்லூரிகளை ஏழைக்கு எட்டும்படி வைத்தது கொடை மட்டும் அல்ல. கட்டடத்தைச் சங்கம் கட்டும். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும். உதவி பெறும் கல்லூரி என்ற ஏற்பாட்டின் சாரம் இவ்வளவுதான். ஒரு கலைக் கல்லூரியின் செலவில் பெரும்பகுதி சம்பளம் என்பதால், அதை அரசு ஏற்ற பிறகு மாணவரிடம் வாங்க வேண்டியது மிகக் குறைவு. டேனரி முதலாளியின் மகனும் அங்கே வேலை செய்தவரின் மகனும் ஒரே வகுப்பில் ஒரே கட்டணத்தில் உட்கார முடிந்தது இந்தக் கணக்கால்தான். கூடவே குடியாத்தம் திருமகள் மில்ஸ் கல்லூரி, வேலூர் முத்துரங்கம் கல்லூரி, வாலாஜாபேட்டை மகளிர் கல்லூரி என்று 1960களில் வந்த அரசுக் கல்லூரிகளும் சேர்ந்து இரண்டு தலைமுறைகளுக்குப் பட்டம் கொடுத்தன.

1984க்குப் பிறகு

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு ஜி. விசுவநாதன் 180 மாணவர்களோடு வேலூர் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். 2001இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி வி.ஐ.டி. என்று பெயர் பெற்றது. மேல்விஷாரத்தில் அதே முஸ்லிம் கல்விச் சங்கம் 1998இல் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, 1965இன் உதவி பெறும் வழி அதற்குத் திறந்திருக்கவில்லை. சுயநிதியாகவே தொடங்க வேண்டியிருந்தது. ஊரும் சங்கமும் மாறவில்லை. சம்பளப் பொறுப்பிலிருந்து அரசு விலகியிருந்தது.

கலைக் கல்லூரிகளில் இந்த மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. புதிய பாடப்பிரிவுகளுக்கு அரசு உதவி நின்றது. கணினி அறிவியல், பி.பி.ஏ., பி.சி.ஏ., கூடுதல் பி.காம். எல்லாம் சுயநிதிப் பிரிவுகளாக வந்தன. ஓய்வுபெற்ற உதவி பெறும் ஆசிரியர்களின் இடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடந்தன. இன்று இப்பகுதியின் பழைய கல்லூரிகளில் மாணவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?’ என்பது. வரலாறும் தமிழும் உதவி பெறும் பிரிவில் இருக்கும். வேலை கிடைக்கும் என்று ஊர் நம்பும் பாடமோ சுயநிதியில் இருக்கும். எய்டட் பி.காம். நிரம்பிவிட்டால் அதே பாடத்தை, அதே பல்கலைக்கழகப் பட்டத்துக்காக, பக்கத்து அறையில் பல மடங்கு கட்டணம் கட்டிப் படிக்க வேண்டும்.

இது தமிழகத்தின் தனிப் பாதை அல்ல. 1991இன் பொருளாதார மாற்றத்துக்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நீதிபதி புன்னையா குழு, பல்கலைக்கழகங்கள் தங்கள் செலவில் 15 விழுக்காட்டையும் பின்னர் 25 விழுக்காட்டையும் சொந்த வருவாயாக ஈட்ட வேண்டும் என்றது. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி குழு 1966இல் சொன்னதை 2020இன் தேசியக் கல்விக் கொள்கையும் திரும்பச் சொல்கிறது. அரை நூற்றாண்டாக எட்டாத அந்த 6 விழுக்காட்டின் மீதியைத்தான் குடும்பங்கள் கட்டிக்கொண்டிருக்கின்றன.

2025 அக்டோபரில், செயல்படும் கல்லூரிகள் தனியார் பல்கலைக்கழகங்களாக மாற வழிசெய்யும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. உதவி பெறும் கல்லூரிகளின் எஞ்சிய மலிவு இடங்களும் போய்விடும் என்று ஆசிரியர் அமைப்புகள் எதிர்த்தன. அரசு அதை மறுபரிசீலனை செய்வதாகப் பின்வாங்கியது. ஊரிஸ், இஸ்லாமியா, அப்துல் ஹக்கீம் போன்ற கல்லூரிகள் நிறைந்த இப்பகுதிக்கு அந்தக் கவலை கற்பனையானது அல்ல.

நீதிமன்றம் போட்ட கோடுகள்

கட்டணத்தை யார் நிர்ணயிப்பது என்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தில் பதின்மூன்று ஆண்டுகள் ஊசலாடியது. 1992இல் மோகினி ஜெயின் வழக்கில், நன்கொடை வாங்கி இடம் கொடுப்பது கல்வி உரிமையை மறுப்பதாகும் என்று தீர்ப்பு வந்தது. தமிழகமும் அதே ஆண்டு நன்கொடைத் தடைச் சட்டம் இயற்றியது. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கு, பாதி இடம் இலவசம், பாதி இடம் கட்டணம் என்ற திட்டத்தைத் தந்தது. அதை 2002இல் டி.எம்.ஏ. பை வழக்கின் பதினொரு நீதிபதிகள் அமர்வு நீக்கியது. கட்டணம் செலுத்தும் ஏழை மாணவர் இலவச இடத்தில் இருக்கும் வசதியானவருக்குப் படியளக்கும் நிலை வந்துவிட்டது என்பது அதில் எழுந்த நியாயமான குறை. லாபம் கூடாது, வளர்ச்சிக்கான நியாயமான உபரி கூடும் என்றது அத்தீர்ப்பு. 2003இன் இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பு மாநிலக் கட்டணக் குழுக்களைத் தந்தது. 2005இன் இனாம்தார் தீர்ப்பு, உதவி பெறாத கல்லூரியில் அரசு தன் ஒதுக்கீட்டைத் திணிக்க முடியாது என்றது. உடனே வந்த 93ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தனியார் கல்லூரிகளிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்தது. சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்களித்தது.

எஞ்சியது இதுதான்: நன்கொடை குற்றம், கட்டணம் சட்டபூர்வம், உபரிக்கும் லாபத்துக்கும் இடையிலான கோட்டைக் குழு போடும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மாநிலக் குழுவின் கைக்கு வெளியே நிற்கின்றன.

ஒரே பட்டம், பல விலை

பொறியியலையே எடுத்துக்கொள்வோம். வேலூர் பாகாயத்தில் 1990இல் தொடங்கிய தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு. அடுத்த படி சுயநிதிக் கல்லூரியில் கவுன்சிலிங் இடம். 2017இல் கட்டணக் குழு நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. மேனேஜ்மென்ட் கோட்டாவில் அதே இருக்கைக்கு 85,000, 87,000 என்று போகிறது. பொதுக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் அரசு கவுன்சிலிங்குக்குத் தருகின்றன.

மேல்படியில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வி.ஐ.டி. நடத்தும் நுழைவுத் தேர்வின் தரவரிசைப்படி மாணவர்கள் ஐந்து கட்டணப் பிரிவுகளில் வைக்கப்படுகிறார்கள். முன்வரிசையில் வந்தவர் முதல் பிரிவில் குறைந்த கட்டணம் கட்டுவார். ஐந்தாம் பிரிவில் அதே பாடத்துக்கு இரு மடங்குக்கும் மேல் ஆகும். தகுதிக்குத் தள்ளுபடி தரும் முறை இது. ஆனால் தரவரிசை பிளஸ் டூ மாணவரின் மூளையை மட்டும் அளப்பதில்லை. இரண்டு ஆண்டுப் பயிற்சி வகுப்பு, ஆங்கில வழி, வீட்டில் தனியறை எல்லாமும் அதில் கலந்திருக்கின்றன. ஆகவே குறைந்த கட்டணப் பிரிவு பெரும்பாலும் கூடுதல் கட்டணத்தையும் தாங்கக்கூடிய வீடுகளுக்கே போய்ச் சேர்கிறது.

மருத்துவத்தில் இந்த முரண் இன்னும் கூர்மை. தமிழகத்து நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும் இடங்கள் உண்டு. சி.எம்.சி.யிலோ கற்பிப்புக் கட்டணம் பெயரளவுக்குத்தான். பதிலுக்கு, படித்து முடித்தவர் மிஷன் மருத்துவமனைகளில் இரண்டு ஆண்டு பணியாற்ற வேண்டும். கட்டணத்துக்குப் பதில் உழைப்பு என்ற இந்த ஏற்பாடு இந்தியாவுக்கே முன்மாதிரி. 2017இல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட் கட்டாயமானபோது, தன் தேர்வு முறையைக் கைவிட மனமில்லாத சி.எம்.சி. 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பியது. சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் என்று 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டணம் இன்றும் குறைவுதான். அந்த வாசலுக்கு வரும் பாதையின் செலவு பயிற்சி மையத்துக்கு மாறிவிட்டது. நீட் வந்த பின் தமிழ்வழி மாணவர்களும் அரசுப் பள்ளி மாணவர்களும் மருத்துவ இடங்களில் தேய்ந்ததை 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் குழு பதிவு செய்தது.

மலிவான இடத்துக்கு மதிப்பெண் வேண்டும். மதிப்பெண்ணுக்குப் பணம் வேண்டும். இந்தச் சுற்றை உடைக்கத்தான் அரசின் உதவித் திட்டங்கள் வந்தன.

உதவி யாரைத் தேடி வருகிறது?

திட்டங்களை வரிசைப்படுத்தினால் தமிழகம் தலைநிமிரலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கான ‘முதல் பட்டதாரி’ சலுகை 2010இலிருந்து இருக்கிறது. சாதி, வருமானம் பாராமல், கவுன்சிலிங் வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் பொறியியல் மாணவருக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் கற்பிப்புக் கட்டணச் சலுகை. 2020இல் மருத்துவத்திலும் 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தவரின் கற்பிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. கல்லூரி மாணவியருக்கு 2022 செப்டம்பரில் புதுமைப்பெண், மாணவருக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன்: மாதம் 1,000 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினரோடு கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடருக்கும் மாநில அரசு கல்வி உதவி தருகிறது. மத்திய அரசின் கணக்கில் அவர்கள் பட்டியல் சாதி அல்லர் என்பதால், மிஷன் வரலாறு கொண்ட இப்பகுதிக்கு இது பெரிய ஆறுதல். 2021–22 கணக்கெடுப்பில் உயர்கல்வி சேர்க்கை விகிதம் இந்தியாவில் 28.4 ஆக இருக்க, தமிழகத்தில் 47ஐத் தொட்டதற்கு இவற்றில் அதற்கு முன்பே வந்தவையும் ஒரு காரணம்.

இப்போது இந்தத் திட்டங்களை ஆம்பூர் கணக்கில் போட்டுப் பார்ப்போம்.

முதல் ஓட்டை பள்ளியில் இருக்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் ஏழைப் பிள்ளை என்றால் அரசுப் பள்ளிப் பிள்ளை. இங்கே அப்படி இல்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் லுத்தரன் மிஷனும் முஸ்லிம் கல்விச் சங்கங்களும் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில்தான் தொழிலாளர் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் படிக்கிறார்கள். 7.5 விழுக்காடு அவர்களுக்குக் கிடையாது. புதுமைப்பெண் 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு என்ற நிபந்தனையோடு. விதியை எழுதியபடி வாசித்தால், உதவி பெறும் பள்ளியில் உருது வழியில் படித்த பெண்ணுக்கு அதில் இடம் இல்லை. அவள் அம்மாவும், அடுத்த தெருவில் தமிழ்வழியில் படித்தவளின் அம்மாவும் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறி ஒரே லைனில் தைக்கிறார்கள் என்பது விதிக்குத் தெரியாது.

இரண்டாவது ஓட்டை பாடப்பிரிவில். முதல் பட்டதாரி சலுகை தொழிற்கல்விக்கு மட்டும். தோல் வட்டாரத்தின் முதல் தலைமுறை மாணவர்களில் பெரும்பாலோர் போவது பி.காம்., பி.சி.ஏ., பி.எஸ்சி. போன்றவற்றுக்கு. அவற்றில் பலவும் சுயநிதிப் பிரிவில் இருக்கின்றன. குடும்பத்தின் முதல் பட்டதாரியான பி.காம். மாணவி அந்தச் சலுகையின் பார்வையில் முதல் பட்டதாரி அல்ல.

மூன்றாவது ஓட்டை வருமான வரம்பு. பட்டியல் சாதி, பிற்படுத்தப்பட்டோர் கல்வி உதவிகளுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக்கூடாது. மாதத்துக்கு 20,833 ரூபாய். டேனரிக்குப் போகும் கணவருக்கு 12,000, ஷூ கம்பெனிக்குப் போகும் மனைவிக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். இருவர் கூலியும் சேர்ந்து ஆண்டுக்கு 2,88,000. வரம்பு தாண்டிவிட்டது. இருவரும் மாதம் 10,417 ரூபாய் வாங்கினாலே வரம்பைத் தொட்டுவிடுவார்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனி என்றால் சம்பளச் சீட்டு சாட்சி சொல்லும். ரசீது இல்லாத வியாபாரம் செய்பவர் குறைத்துச் சொல்லிவிடலாம். சட்டப்படி வேலை பார்க்கும் தொழிலாளியால் முடியாது. முறைப்படுத்தப்பட்ட வேலைக்குக் கிடைக்கும் தண்டனை இது.

பட்டியல் சாதி உதவிக்கான இந்த 2.5 லட்சம் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலையேற்றம் என்று மட்டும் கணக்கிட்டாலும் பன்னிரண்டு ஆண்டில் அது 4.5 லட்சத்தை நெருங்கியிருக்க வேண்டும். மறுபக்கம், பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர் என்று மத்திய அரசு 2019இல் வகுத்த வரம்பு 8 லட்சம். ஒரு நாட்டில் ஏழ்மைக்கு இரண்டு அளவுகோல்கள் எப்படி இருக்க முடியும் என்பதற்கு இதுவரை நேரான பதில் வரவில்லை.

நான்காவது, இப்பகுதிக்கே உரியது. சுகாதாரத்துக்கு ஆபத்தான தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு 1977–78 முதல் மத்திய அரசு ஒரு கல்வி உதவி தருகிறது. தோல் உரிப்பவர், தோல் பதனிடுபவர் பிள்ளைகளும் அதில் அடக்கம்; சாதி, மதம் பார்ப்பதில்லை. ஆனால் பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. அதே தெருவில் பீடி சுற்றுபவரின் பிள்ளைக்கு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தரும் உதவி தொழிற்கல்வி வரை தொடர்கிறது. ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை. பீடிக்கு ஒரு காலத்தில் தனித் தீர்வை இருந்தது, அதிலிருந்து நல நிதி பிறந்தது. கோடிக்கணக்கில் அந்நியச் செலாவணி ஈட்டிய தோலுக்கு அப்படியொரு நிதி பிறக்கவே இல்லை. குரோமியம் கலந்த கழிவுநீரால் பாலாறு கெட்டதற்காக 1996இல் வேலூர் மக்கள் நலப் பேரவை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்ததைக் கணக்கிட ஒரு முறை உருவானது. அந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்தவரின் மகள் எந்த வகுப்பு வரை படித்தாள் என்று கணக்கிட எந்த முறையும் உருவாகவில்லை.

காலம் தவறி வரும் பணம்

தகுதி எல்லாம் இருந்தாலும் பணம் எப்போது வருகிறது என்பது அடுத்த சிக்கல். சேர்க்கை ஜூன், ஜூலையில் நடக்கிறது. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று இ-சேவை மையத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் நடையாய் நடக்க வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகும். உதவித்தொகை கைக்கு வர மாதங்கள் ஆகும். சில ஆண்டுகளில் அடுத்த கல்வியாண்டே தொடங்கிவிடும். இடைப்பட்ட காலத்தில் ‘முதலில் கட்டுங்கள், வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று சொல்லும் கல்லூரி உண்டு. கட்டி முடிக்கும்வரை ஹால் டிக்கெட்டையும் மாற்றுச் சான்றிதழையும் பிடித்து வைக்கும் கல்லூரியும் உண்டு.

சலுகை பெரும்பாலும் கற்பிப்புக் கட்டணத்துக்கு மட்டும். ரசீதைக் கையில் வாங்கிப் பார்த்தால், அதன்கீழே சிறப்புக் கட்டணம், ஆய்வகம், தேர்வு, சீருடை, வேலைவாய்ப்புப் பயிற்சி, பஸ் என்று வரிகள் நீள்கின்றன. பேரணாம்பட்டிலிருந்து வேலூருக்குத் தினமும் போய்வரும் மாணவிக்குச் சில கலைக் கல்லூரிகளில் படிப்புக் கட்டணத்தைவிட பஸ் கட்டணமே பெரிய பாரம்.

வங்கிக் கடனைப் பார்ப்போம். 4 லட்சம் ரூபாய் வரை பிணையம் கேட்கக்கூடாது என்பது விதி. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் தொழிற்கல்விக் கடனுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கிறது. 2024 நவம்பரில் வந்த வித்யாலட்சுமி திட்டம் 8 லட்சம் வருமானம் வரை 3 விழுக்காடு வட்டிச் சலுகை தருகிறது. ஆனால் தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களுக்கு மட்டும். இங்கும் உதவி நிறுவனத்தின் வாசலைப் பார்த்தே வருகிறது. 4 லட்சம் கடனை 10 விழுக்காடு வட்டியில் ஏழு ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 6,640 ரூபாய். மேலே சொன்ன 12,000 ரூபாய்க் கூலியில் பாதிக்கு மேல். அந்தக் கூலியும் நிலையானதல்ல. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆம்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆர்டரைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். தொழிலாளிகள் ஓவர்டைமைப் பற்றி. கல்லூரியின் கெடு தேதி வாஷிங்டனைக் கேட்டு மாறுவதில்லை.

வேறு ஊர்கள் சொல்வது

கட்டணத்தையே எடுத்துவிட்டால் தீருமா? இலங்கையில் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் கல்வி இலவசம்; பல்கலைக்கழகமும் அப்படியே. ஆனால் இடங்கள் குறைவு; உயர்தரத் தேர்வில் தகுதி பெற்றவர்களில் பெரும்பகுதியினர் வெளியே நிற்கிறார்கள். அந்தத் தேர்வுக்கு டியூஷன் என்ற பெருந்தொழில் வளர்ந்திருக்கிறது. இலவச வாசல் மட்டும் போதாது என்பதற்கு அது சான்று. இங்கிலாந்து எதிர்த்திசையில் போனது: 1998இல் 1,000 பவுண்டு, 2006இல் 3,000, 2012இல் 9,000. இன்று அங்கே உள்நாட்டு மாணவர் கல்லூரி வாசலில் பணம் கட்ட வேண்டியதில்லை. சம்பாதிக்கத் தொடங்கிய பின் வருமானத்தைப் பொறுத்துத் திருப்பிக் கட்டுகிறார்கள். வாழ்நாள் கடன் என்ற குறை அதற்கு உண்டு. ஜெர்மனி சில மாநிலங்களில் கட்டணம் வைத்துப் பார்த்து 2014க்குள் கைவிட்டது. சிலி, தெருப் போராட்டங்களுக்குப் பின் 2016இல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசக் கல்வி கொண்டுவந்தது. அங்கே அரசு முதலில் பார்ப்பது மாணவரின் வீட்டு வருமானத்தை; எந்தப் பள்ளியில் படித்தார் என்பதை அல்ல.

தரத்துக்குப் பணம் வேண்டும் என்ற வாதத்தைத் தள்ள முடியாது. நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியரும் இலவசமாக வருவதில்லை. செலவு யார் தோளில் எவ்வளவு என்பதுதான் கேள்வி. சுயநிதிக் கல்லூரிகள் கூட்டமாக வந்ததால்தான் இடப் பஞ்சம் தீர்ந்தது என்பதும் உண்மை. கவுன்சிலிங்கில் ஆண்டுதோறும் பொறியியல் இடங்கள் காலியாகவே மிஞ்சுகின்றன. காலி இடமும் கட்ட முடியாத மாணவரும் ஒரே ஊரில் இருப்பது, சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கைக்கு நல்ல விளம்பரம் அல்ல.

தருமத்தின் எல்லை

இப்பகுதியில் கொடை வற்றிவிடவில்லை. வி.ஐ.டி. 2008 முதல் ஸ்டார்ஸ் திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒரு மாணவர், ஒரு மாணவி என்று கிராமப்புறத்தாரைத் தேர்ந்து இலவசமாகப் படிக்க வைக்கிறது. வேலூரில் அனைவருக்கும் உயர்கல்வி அறக்கட்டளை 2012 முதல் ஏழை மாணவருக்குக் கட்டணம் கட்டுகிறது. கல்விச் சங்கங்களும் ஜக்காத் நிதியும் மறைமாவட்டங்களும் எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கின்றன. ஆனால் தருமம் கேட்பவரை எட்டும். கேட்கக் கூசுபவரை எட்டாது. மாவட்டத்துக்கு இருவர் என்பது முன்மாதிரி. மூன்றாம் இடத்தில் நின்றவருக்கு அது பதில் ஆகாது. 1965இல் கொடையும் அரசு சம்பளமும் கைகோத்தபோதுதான் அது உரிமையின் தோற்றம் பெற்றது. அந்தக் கூட்டு முறிந்த பிறகு கொடை தனித்து நிற்கிறது.

என்ன செய்யலாம்?

மேலே பார்த்த ஓட்டைகளில் எதற்கும் புதிய பல்கலைக்கழகம் தேவையில்லை. முதலாவது, வருமான வரம்பு. மத்திய அரசு உயர்த்தும்வரை காத்திராமல், மாநிலம் தன் நிதியிலிருந்து 2.5 லட்சத்துக்கும் 4.5 லட்சத்துக்கும் இடைப்பட்ட வீடுகளுக்குக் கட்டணத்தின் ஒரு பங்கையாவது ஏற்கலாம். இரண்டாவது, 7.5 விழுக்காட்டின் இடங்களை விரிப்பது சட்டச் சிக்கல் என்றாலும், அதன் கட்டணச் சலுகையை உதவி பெறும் பள்ளியின் ஏழை மாணவருக்கும் தருவது நிதி முடிவு மட்டுமே. புதுமைப்பெண்ணின் மொழி நிபந்தனையையும் ஓர் அரசாணையில் நீக்கிவிடலாம். மூன்றாவது, முதல் பட்டதாரி சலுகையைக் கலை, அறிவியல் சுயநிதிப் பிரிவுகளுக்கும் நீட்ட வேண்டும். அங்கே கட்டணம் பொறியியலைவிடக் குறைவு, செலவும் குறையும். நான்காவது, தோல் தொழிலாளி பிள்ளைக்கான உதவியைப் பத்தாம் வகுப்பில் நிறுத்தாமல் பீடித் தொழிலாளிக்கு நிகராகப் பட்டம் வரை கொண்டுபோக வேண்டும். 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி 2 விழுக்காடு சமூகப் பொறுப்புச் செலவு செய்யக் கடமைப்பட்ட தோல், ஷூ ஏற்றுமதி நிறுவனங்கள் அதற்கு ஒரு பொது நிதியில் பங்கு போடலாம். ஐந்தாவது, உதவிக்குத் தகுதியானவரிடம் சேர்க்கை நாளில் பணம் வாங்குவதைத் தடை செய்து, அந்தத் தொகையை அரசு கல்லூரிக்குக் கெடு தேதிக்குள் செலுத்த வேண்டும். கல்லூரியும் பஸ், சீருடை உட்பட படிப்புக் காலத்தின் மொத்தச் செலவைச் சேர்க்கைக்கு முன்பே தமிழில் வெளியிட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும்போது எதிர்ப்பக்கக் கணக்கையும் வைக்க வேண்டும். பிளஸ் டூ முடித்த பெண்ணை ஷூ கம்பெனி உடனே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். முதல் மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்துவிடும். கல்லூரி என்றால் மூன்று ஆண்டு அந்தச் சம்பளமும் இல்லை, கட்டணமும் உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் மகளைக் கல்லூரிக்கு அனுப்பும் வீட்டிடம், நீ எந்தப் பள்ளி வழியாக வந்தாய், எந்த மொழியில் படித்தாய், எந்த ஷிப்டில் சேர்ந்தாய் என்று அரசு கேட்பது நியாயமில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உன் வீட்டில் எவ்வளவு வருகிறது, எத்தனை பேர் சாப்பிடுகிறீர்கள்?

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சட்டமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதம் பாராமல் அடுத்த நிதிநிலை அறிக்கைக்கு முன் இரண்டை மட்டுமாவது கேட்டு வாங்க வேண்டும்: வருமான வரம்பு உயர்வு, உதவி பெறும் பள்ளி மாணவருக்குச் சம உரிமை. தோல் வணிகம் நூறு ஆண்டுக்கு முன் செய்ததை அரசு இன்று செய்ய முடியாது என்று சொல்வதற்கு எந்தக் காரணமும் இல்லை.